செம்பு பிடிக்கும் நண்டு: ஒரு காப்ஸ்யூலின் மேக்கப் அறையில்

சினிமா நிருபராகக் கொஞ்ச காலம் இருந்ததில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. எதைப் பார்த்தாலும் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கமாகப் போய் எட்டிப் பார்ப்பேன். அரண்மனை என்றால் அதை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கும் சவுக்குக் கட்டையைத் தேடுவேன். மழை என்றால் தண்ணீர் லாரி எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். கதாநாயகன் பறந்தால் இடுப்புக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவர் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

இந்தப் பழக்கம் போன மாதம் ஒரு மாத்திரை டப்பாவில் போய் முடிந்தது.

சிநேகிதி வீட்டில் ராத்திரி தங்கியிருந்தேன். காலை ஆறு மணிக்கு அலாரம். கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் அவள் மகன் கண்ணைத் திறக்காமலே போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டினான். அவள் டப்பாவைத் திறந்தாள். வந்தது பாருங்கள் ஒரு வாசனை! அவித்த முட்டையை டிபன் பாக்ஸில் அடைத்து, மதியம்வரை பஸ்ஸிலேயே மறந்துவிட்டு, அப்புறம் திறந்தால் வருமே, அதன் ஒன்றுவிட்ட தம்பி.

“டேய், முழுங்கிட்டுத் தூங்கு. இட்லி ஏழரைக்குத்தான்.”

“ஏழுக்கே குடேன்மா.”

“கொன்னுடுவேன்.”

இட்லிக்கும் மாத்திரைக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரம் கழித்துத்தான். வயிற்றில் சோறு இருந்தால் மருந்து உடம்பில் சேருவது பாதியாகக் குறைந்துவிடும். அந்த வீட்டில் சமையலறைக் கடிகாரத்தை ஆள்வது பசி இல்லை, அந்த முட்டை வாசனை. ஜன்னலோரத்தில் மணி பிளான்ட் வைத்திருந்தார்கள். அது நின்றிருந்தது ஒரு செம்பு பாட்டிலில். ஏதோ கல்யாணத்தில் கொடுத்த ரிட்டர்ன் கிஃப்ட். “எங்க வீட்ல அதுல தண்ணி குடிக்கிற உரிமை செடிக்கு மட்டும்தான்” என்றாள் சிநேகிதி.

பையனுக்கு இருப்பது வில்சன் நோய். மருந்தின் பெயர் பெனிசிலமின். அன்று டப்பாவை முகர்ந்து பார்த்தவள், இன்றுவரை அதன் பின்கட்டில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அங்கே என்னென்ன கிடக்கிறது தெரியுமா? விஷவாயு, கடலை எண்ணெய், பசைத் தொழிற்சாலைச் சரக்கு, பேதியான மாடு, தன் மருந்தைத் தானே முதலில் விழுங்கிப் பார்த்த ஒரு டாக்டர்! வாருங்கள், சத்தம் போடாமல் உள்ளே போவோம்.

முதலில் கதைச் சுருக்கம். நம் எல்லோர் உடம்பிலும் செம்பு உண்டு. வளர்ந்த ஆளிடம் மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் 100 மில்லிகிராம் அளவில் இருக்கும். சாப்பாட்டில் தினமும் ஒன்றிரண்டு மில்லிகிராம் உள்ளே வருகிறது. உடம்புக்குத் தேவை ஒரு மில்லிகிராமுக்கும் கொஞ்சம் குறைவு. மிச்சத்தைக் கல்லீரல் பித்த நீரில் கலந்து வெளியே தள்ளிவிடும். இந்தத் தள்ளுகிற வேலைக்கு ஒரு பம்பு இருக்கிறது. அதைச் செய்யச் சொல்லும் மரபணுவின் பெயர் ஏடிபி7பி, இருப்பது 13-ஆவது குரோமோசோமில், கண்டுபிடித்தது 1993-இல். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று வந்த இரண்டு பிரதிகளுமே பழுது என்றால் பம்பு ஓடாது. செம்பு கல்லீரலில் தேங்கும். அங்கே நிரம்பி வழிந்து மூளைக்குப் போகும். கை நடுங்கும், பேச்சு குழறும், கையெழுத்து கோணும், சுபாவம் மாறும். சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வருகிறது என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மாமன் மகளையும் அத்தை மகனையும் விட்டுக்கொடுக்காத நம் ஊர்க் குடும்பங்களில், இப்படி இரண்டு பழுதும் ஒரே பிள்ளையிடம் வந்து சேரும் வாய்ப்பு கூடுதல்.

கண்ணின் கருவிழி ஓரத்திலும் செம்பு படியும். பழுப்பும் பொன்னுமாக ஒரு வளையம். 1902-இல் கைசர், 1903-இல் ஃப்ளைஷர் என்று இரண்டு ஜெர்மன் கண் மருத்துவர்கள் இந்த வளையத்தைப் பார்த்து எழுதினார்கள். அது செம்பு என்று அப்போது இருவருக்கும் தெரியாது. அந்த வளையத்துக்கு இன்றும் அவர்கள் பெயர்தான்.

நோய்க்குப் பெயர் கொடுத்தவர் சாமுவேல் அலெக்சாண்டர் கின்னியர் வில்சன். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்து, லண்டன் குவீன் ஸ்கொயர் நரம்பியல் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். 1912-இல் ‘பிரெய்ன்’ இதழில் இந்த நோயைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 200 பக்கங்களைத் தாண்டியது. இதழாசிரியருக்கு என் அனுதாபங்கள். மூளை நோய் என்று பார்த்தால் கல்லீரலும் சுருங்கிக் கிடக்கிறதே என்று அவர் கவனித்து வைத்தார், காரணம் பிடிபடவில்லை. இவரை எனக்கு இன்னொரு காரணத்துக்காகவும் பிடிக்கும். 1920-களின் நடுவில் குவீன் ஸ்கொயரில் அசைவுக் கோளாறு உள்ள நோயாளிகளைப் படச்சுருளில் பிடித்து வைத்தவர் இவர். மௌனப் படக் காலத்து ஆள் சார்! எங்கள் ஜாதி!

செம்புதான் குற்றவாளி என்று 1948-இல் லண்டனில் கமிங்ஸ் உறுதியாகச் சொன்னார். சரி, செம்பை எப்படி வெளியே எடுப்பது? இங்கேதான் விஷவாயு வருகிறது. இரண்டாம் உலகப் போரின்போது, லூயிசைட் என்கிற ஆர்செனிக் வாயுவை எதிரி வீசினால் என்ன செய்வது என்று பயந்து, ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மாற்று மருந்து செய்து வைத்தார்கள். பெயர் பால். நாம் குடிக்கும் பால் இல்லை, ‘பிரிட்டிஷ் ஆன்டி-லூயிசைட்’ என்பதன் சுருக்கம். ஆர்செனிக்கைக் கவ்வும் இது செம்பையும் கவ்வும் என்று தெரிந்ததும் வில்சன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எப்படிக் கொடுப்பது? கடலை எண்ணெயில் கலந்து, தசையின் ஆழத்தில் ஊசி. திரும்பத் திரும்ப. எண்ணெய் ஊசி வலிக்கும், கட்டி கட்டும், அதன் நாற்றத்தின் பக்கத்தில் நம் பையனின் டப்பா மல்லிகைப் பூ. கொஞ்ச நாள் கேட்டுவிட்டு அப்புறம் கேட்காமலும் போகும்.

இப்போது 1955. பாஸ்டன் சிட்டி மருத்துவமனை. லைட்ஸ் ஆன்.

நம் கதாநாயகன் ஜான் வால்ஷ், வயது முப்பத்தைந்து. இங்கிலாந்திலிருந்து ஃபுல்பிரைட் உதவித்தொகையில் வந்திருக்கிறார். கல்லீரல்காரர். அவர் அப்பா பிரான்சிஸ் வால்ஷ், குவீன் ஸ்கொயரில் பேர் பெற்ற நரம்பியல் மருத்துவர். அதாவது வில்சன் வேலை பார்த்த அதே மருத்துவமனை. இந்த நோய் ஜானுக்கு வீட்டுப் பெயர் மாதிரி.

பாஸ்டன் மருத்துவமனையில் நரம்பியலுக்குத் தலைவர் நியூசிலாந்துக்காரரான டெரக் டெனி-பிரவுன். பால் ஊசியை வில்சன் நோய்க்குப் போட்டுப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். ஊசி இனிக் கேட்காது என்கிற நிலைக்கு வந்துவிட்ட ஒரு நோயாளியின் கல்லீரலைக் கொஞ்சம் வந்து பாருங்கள் என்று கல்லீரல் பிரிவுக்குச் சொல்லி அனுப்பினார். வால்ஷும் அவருடைய மேலாளர் சார்லஸ் டேவிட்சனும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி நடக்கிறார்கள். அந்த நடையில் வால்ஷ் வாயைத் திறந்தார்: பெனிசிலமின் கொடுத்துப் பார்த்தால் என்ன?

இந்த வசனத்துக்கு ஒரு ஃபிளாஷ்பேக் தேவை. சில வருஷங்களுக்கு முன்னால் லண்டனில், கல்லீரல் கெட்டுப்போனவர்களின் சிறுநீரில் என்னென்ன அமினோ அமிலம் வருகிறது என்று வால்ஷ் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் அதற்கு வடிதாள்தான் கருவி. சிறுநீரை ஒரு சொட்டு தாளில் வைத்து ஊறவிட்டால், ஒவ்வொரு சரக்கும் ஒவ்வோர் இடத்தில் போய்ப் புள்ளியாக நிற்கும். நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கறுப்பு மையைச் சாக்பீஸில் ஏற்றி நிறம் பிரிப்பார்களே, அதே விளையாட்டு. பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டிருந்த நோயாளியின் தாளில், யாருக்கும் தெரியாத ஒரு புள்ளி. விசாரித்தால், பெனிசிலின் உடம்புக்குள் உடைந்து சிதறியதில் வந்த துண்டு அது. அதுதான் பெனிசிலமின். மற்றவர்களுக்கு அது குப்பை. வால்ஷ் மறக்கவில்லை.

அதன் உடல்வாகை அவர் பார்த்து வைத்திருந்தார். ஒரு பக்கம் கந்தகம், இன்னொரு பக்கம் நைட்ரஜன். நடுவில் ஓர் உலோகம் வந்து மாட்டினால் இரண்டு கொடுக்கும் சேர்ந்து இறுக்கிக்கொள்ளும். இப்படிப் பிடிப்பதற்கு வேதியியலில் வைத்திருக்கும் பெயரே கிரேக்க மொழியில் நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். காசிமேட்டு மீனவர்களைக் கேட்டால் ஒரே நிமிஷத்தில் விளக்கிவிடுவார்கள். நண்டு செம்பைப் பிடிக்கும், பிடித்தபடியே சிறுநீர் வழியாக வெளியே போகும். தூக்கி வந்த கந்தகம்தான் அந்த முட்டை வாசனை! (பையனிடம் இதைச் சொன்னேன். “அப்ப நான் தெனம் நண்டு சாப்புடுறேன்னு சொல்றீங்க” என்றான். அவன் வீடு சுத்த சைவம்.)

யோசனை நல்ல யோசனை. மருந்து எங்கே? கடையில் கிடையாது. நதிக்கு அந்தப் பக்கம் எம்.ஐ.டி.யில் ஜான் ஷீஹன் என்ற வேதியியலாளர் பெனிசிலினை ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிட வேண்டும் என்று வருஷக்கணக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் (1957-இல் சாதித்தும் காட்டினார்). அவர் அலமாரியில் பெனிசிலமின் கொஞ்சம் இருந்தது. பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குகிற மாதிரி சில கிராம் வாங்கி வந்தார்கள்.

மனிதர்கள் விழுங்கிப் பார்த்த சரக்கு இல்லை அது. முதலில் யாருக்குக் கொடுப்பது? வால்ஷ் தானே விழுங்கினார். காத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் நோயாளிக்கு. நோயாளியின் சிறுநீரில் செம்பு எகிறியது!

இந்தக் காட்சியில் எனக்கு மயிர் கூச்செறிந்தது, மறைக்க மாட்டேன். எத்தனை படப்பிடிப்பு பார்த்திருக்கிறேன். டூப் போடாமல் குதித்த கதாநாயகர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

1956-இல் ‘லான்செட்’ இதழில் சின்னதாக ஒரு கட்டுரை வந்தது, அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் பெரிதாக இன்னொன்று. இரண்டின் தலைப்பிலும் அடித்துச் சொன்ன விஷயம் ஒன்றே: வில்சன் நோய்க்கு வாய்வழிச் சிகிச்சை. ‘வாய்வழி’ என்ற அந்தச் சொல்லை நான் இரண்டு மூன்று தடவை தடவிப் பார்த்தேன். கடலை எண்ணெய் ஊசிக்குப் பயந்து கிடந்தவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்!

உடனே ‘சுபம்’ கார்டு போட முடியாது. பல வருஷம் கழித்து, 2003-இல், இந்தக் கதையை வால்ஷே எழுதியபோது ‘கஷ்டப் பிரசவம்’ என்றுதான் தலைப்பில் சொன்னார். ஒரு கஷ்டம் இரட்டை வேடம். பெனிசிலமினுக்கு இடது கை, வலது கை மாதிரி இரண்டு வடிவம் உண்டு. கண்ணாடியில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று சாது. மற்றது உடம்பின் பி6 வைட்டமினோடு சண்டைக்குப் போகும். ஆரம்பக் காலத்தில் இரண்டும் கலந்த சரக்கு. பிறகு சாதுவை மட்டும் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது. அப்படியும் பி6 மாத்திரை ஒன்றைக் கூடவே காவலுக்கு அனுப்புகிறார்கள். சிநேகிதி வீட்டு டப்பாவில் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த சின்ன மாத்திரை அதுதான்.

சாது என்றேனே, அதையும் ரொம்ப நம்பிவிட வேண்டாம். சிலருக்குத் தோல் தடிக்கும், காய்ச்சல் வரும், சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடும். நரம்புப் பக்கம் நோய் முற்றியவர்களில் சிலருக்கு மருந்து தொடங்கிய புதிதில் நடுக்கம் குறைவதற்குப் பதில் கூடிவிடும். அதனால்தான் கொஞ்சமாகத் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றுகிறார்கள். நம் கதாநாயகனுக்கு இடைவேளையில் வில்லன் முகமும் வருகிறது.

அப்படி ஒரு இடைவேளை கேம்பிரிட்ஜில் வந்தது. வால்ஷ் 1957-இல் அங்கே போய்விட்டார். பெனிசிலமின் சிறுநீரகத்தைப் பதம் பார்த்ததால் ஒரு நோயாளிக்கு அதை நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்தினால் செம்பு ஏறும். வேறு நண்டு வேண்டும், சீக்கிரம் வேண்டும். கேம்பிரிட்ஜ் உயிர்வேதியியலாளர் ஹால் டிக்ஸன் உதவிக்கு வந்தார். கிடைத்த சரக்கின் பெயர் டிரைஎதிலீன்டெட்ராமின். நாலு நைட்ரஜன் வரிசையாகக் கைகோத்து நிற்கும், செம்பைக் கண்டால் விடாது.

அது அதுவரை எங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தது தெரியுமா? பசையில்! மேசை உடைந்தால் இரண்டு டியூபைப் பிதுக்கிக் கலந்து ஒட்டுவோமே எபாக்ஸி, அந்த மாதிரிப் பசைகளை இறுகவைக்கும் தொழிற்சாலைத் திரவம். தோலில் பட்டால் எரிக்கும். அதோடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து உப்பாக்கி, சுத்தம் செய்து, படிகமாக்கி எடுத்தால் மருந்து. டிரையன்டீன் என்று பெயர் சுருங்கியது. 1969-இல் இதைக் கொடுத்ததைப் பற்றி வால்ஷ் எழுதினார். 1972-இல் டிக்ஸன், கிப்ஸ், வால்ஷ் மூவரும் அதைத் தயாரிக்கும் முறையையே ‘லான்செட்’டில் அச்சிட்டுவிட்டார்கள். சமையல் குறிப்பு! உலகத்தின் மிகப் பெரிய மருத்துவ இதழ்களில் ஒன்றில்! நம் பத்திரிகைகளில் வத்தக்குழம்புக்குப் போடுகிற மாதிரி!

ஏன் அப்படிப் போட வேண்டியிருந்தது என்று யோசித்தால் என் குதூகலம் கொஞ்சம் இறங்குகிறது. இவ்வளவு அபூர்வமான நோய்க்கு மருந்து செய்தால் எந்தக் கம்பெனிக்கு லாபம்? விற்பவர் இல்லாத மருந்தை டாக்டர்கள்தான் பாத்திரம் பண்டத்தோடு உட்கார்ந்து செய்ய வேண்டும். இப்படித் திக்கற்றுக் கிடந்த மருந்துகளுக்காக அமெரிக்காவில் 1983-இல் ஒரு சட்டமே வந்தது. ‘அனாதை மருந்துச் சட்டம்’ என்றுதான் அதன் பெயர். அந்தக் கூரையின் கீழ் 1985-இல் டிரையன்டீனுக்கு அங்கே அனுமதி கிடைத்தது.

அனாதைக்குப் பிறகு பணக்கார உறவினர் வந்த கதையும் உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எரிச்சல் வருகிறது. அந்த மருந்து கைமாறிக் கைமாறி வேலியன்ட் என்ற கம்பெனியிடம் போனது. 2010-இல் 100 காப்ஸ்யூல் 652 டாலர். 2015-இல் அதே 100 காப்ஸ்யூல் 21,267 டாலர். காப்ஸ்யூலுக்குள் இருந்தது அதே பழைய பசைக்காரன்தான். 2018-இல் டெவா கம்பெனி போட்டிக்கு ஒரு மலிவு வடிவம் இறக்கியது. மலிவின் விலை 18,375 டாலர். அச்சுப் பிழை இல்லை.

இந்தப் பழைய காப்ஸ்யூலுக்கு இன்னொரு ராஜமரியாதை உண்டு: ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் ஐஸ் பையோடு போக வேண்டும். பிற்பாடு இரண்டு ஹைட்ரோகுளோரைடுக்குப் பதில் நாலைச் சேர்த்து, வெளியில் வைத்தாலும் கெடாத மாத்திரை ஒன்று செய்தார்கள். ஐரோப்பாவில் 2017, அமெரிக்காவில் 2022. காகிதத்தில் இரண்டுக்கும் நாலுக்கும் உள்ள வித்தியாசம் வேதியியல். வீட்டில் அது தேனிலவுக்கு ஐஸ் பெட்டி தூக்குவதா வேண்டாமா என்கிற வித்தியாசம்.

அடுத்த அறைக்கு வாருங்கள். இங்கே நண்டு இல்லை. ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கிறார்.

துத்தநாகம். ஆமாம், கூரைத் தகரத்துக்குப் பூசுகிறார்களே, அதே ஜிங்க். இது எப்படி உள்ளே வந்தது என்பது இந்தப் பின்கட்டிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த உபகதை. பீகாரில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன மருத்துவர் ஆனந்த பிரசாத், மனிதர்களுக்குத் துத்தநாகக் குறைபாடு வரும் என்று உலகுக்குச் சொன்னவர். ஈரானில் வளர்ச்சி குன்றிய இளைஞர்களைப் பார்த்து 1960-களின் தொடக்கத்தில் அதைப் பிடித்தார். பிற்பாடு அவரும் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஜார்ஜ் பிரூவரும் கதிர் அரிவாள் சோகை உள்ளவர்களுக்குத் துத்தநாகம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நோயாளிக்குப் புதிதாக வேறொரு வம்பு: உடம்பில் செம்பு குறைந்துபோய்விட்டது! 1978-இல் அதைப் பக்கவிளைவு என்று எழுதினார்கள். ஒருவருக்குப் பக்கவிளைவு, வில்சன் நோயாளிக்கு அதுதானே வரம்? பிரூவர் பிடித்துக்கொண்டார். நியாயமாகப் பார்த்தால் நெதர்லாந்தில் ஸ்கவ்விங்க் என்பவர் 1961-லேயே தன் ஆய்வேட்டில் வில்சன் நோய்க்குத் துத்தநாகத்தை எழுதிவிட்டார். ஆய்வேடுகளின் தலைவிதி தெரிந்ததுதானே, அலமாரியில் தூங்கியது. அதே நாட்டில் ஹூகன்ராட் அதைத் தட்டி எழுப்பினார். அமெரிக்காவில் துத்தநாக அசிடேட்டுக்கு அனுமதி 1997-இல்.

வாட்ச்மேன் செய்வது என்ன? துத்தநாகம் குடலின் உள்சுவர் செல்களுக்குள் போய் மெட்டல்லோதயோனின் என்ற புரதத்தை நிறையச் சுரக்கச் செய்கிறது. அந்தப் புரதத்துக்குத் துத்தநாகத்தைவிடச் செம்பின்மேல் ஆசை அதிகம். சாப்பாட்டில் வரும் செம்பை வாசலிலேயே கட்டிப்பிடித்து உட்காரவைத்துவிடும், ரத்தத்துக்குள் விடாது. குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைப்பது. உதிரும்போது கட்டிப்பிடித்த செம்போடு சேர்ந்து காலையில் கழிவறைக்குப் போய்விடும். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. பஞ்சாயத்து நடக்கும்போதே சொம்பைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள்!

பெனிசிலமின் வேலை செய்கிறதா என்று சிறுநீரில் பார்க்கலாம், துத்தநாகத்தின் வேலை பெரிதும் மலத்தில் போகிறது. வேகமும் குறைவு, மாதக்கணக்காகும். அதனால் பழைய சுமையை இறக்க நண்டு, இறக்கிய பிறகு திரும்ப ஏறாமல் பார்க்க வாட்ச்மேன் என்று பல டாக்டர்கள் பங்கு பிரிக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் துத்தநாகம் தோது. ஒரு குறை, காலையின் முதல் வேளை வயிற்றைப் புரட்டும். அதற்கு வீட்டுக்கு வீடு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள்.

மாடு எங்கே என்று கேட்பீர்கள். இதோ. இங்கிலாந்தின் சாமர்செட் பக்கத்தில் சில மேய்ச்சல் நிலங்களில் மேயும் மாடுகளுக்குத் தீராத பேதி. அந்த மண்ணில், புல்லில் மாலிப்டினம் அதிகம். அது வயிற்றில் கந்தகத்தோடு சேர்ந்து செம்பைக் கட்டிப்போட்டுவிடுகிறது, மாட்டுக்குச் செம்புப் பஞ்சம். மாட்டுக்கு வந்த அதே வம்பை மனிதருக்கு மருந்தாக்கலாமே என்று டெட்ராதயோமாலிப்டேட் என்ற வாயில் நுழையாத பெயரோடு வால்ஷும், பின்னால் பிரூவரும் இறங்கினார்கள். நரம்பு பாதித்தவர்களுக்குக் கைகொடுக்கும் என்று பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. அதன் புதிய வடிவம் ஒன்றைப் பெரிய அளவில் சோதித்துக்கொண்டிருந்த அலெக்சியன் நிறுவனம் 2023-இல் கைவிட்டுவிட்டது. டிரெய்லர் வந்த படம், அப்போதைக்குப் பெட்டிக்குள் போய்விட்டது.

நம் பக்கத்திலும் இந்த நண்டு ஒரு முறை வேறு வேஷத்தில் வந்து போனது. கைக்குழந்தைகளுக்குக் கல்லீரல் சுருங்கிப்போகும் நோய் ஒன்று இந்தியாவில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு பயமுறுத்தியது. அதற்குக் கொடுத்த ஜம்மி லிவர் க்யூர் சென்னைக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1980-களில் புனேயின் கே.இ.எம். மருத்துவமனைக் குழுவும் இங்கிலாந்தின் டேனரும் சேர்ந்து துப்பறிந்தபோது, பாலைக் காய்ச்சி வைத்த பித்தளை, செம்புப் பாத்திரங்கள் சிக்கின. பால் செம்பை இழுத்துக்கொள்கிறது. தெருவில் ‘பாத்திரத்துக்கு ஈயம் பூசுறது’ என்று கூவி வந்தவர் ஏன் அவ்வளவு முக்கியமானவர் என்று எனக்கு இப்போதுதான் உறைத்தது. அந்தக் குழந்தைகளுக்கும் பெனிசிலமின் கொடுத்துப் பார்த்தார்கள், சீக்கிரமே தொடங்கியவர்களில் சிலர் பிழைத்தார்கள். அது வில்சன் நோய் இல்லை. ஆனால் பாட்டி வீட்டுப் பரணிலும் பாஸ்டன் நோயாளியின் கல்லீரலிலும் ஒரே உலோகம்தான் கிடந்தது.

வில்சன் நோய்க்கு நம் பக்கத்துப் பெரிய பின்கட்டு பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை. முப்பது வருஷத்தில் அங்கே பார்த்த 282 நோயாளிகளைப் பற்றி 2007-இல் ஒரே கட்டுரையாக எழுதினார்கள்.

இனி கடைசி அறை. இங்கே மூக்கைப் பொத்திக்கொள்ளலாம்.

மருந்து ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு சொட்டு விடக் கூடாது. உலோகம் படாத பிளாஸ்டிக் கேன். சிநேகிதி வீட்டில் அது குளியலறை மூலையில் நிற்கும், பக்கத்தில் சுவரில் பென்சிலால் நேரம் எழுதியிருக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு நாள் சிறுநீரில் 50 மைக்ரோகிராமுக்குள்தான் செம்பு இருக்கும். பெனிசிலமின் தொடங்கிய புதிதில் 1,000-ஐத் தாண்டிக் கொட்டும். வருஷங்கள் போனபின் 200-லிருந்து 500-க்குள் நின்றால் டாக்டர் முகத்தில் சிரிப்பு. ரொம்பக் குறைந்தாலும் சந்தேகம்தான்: செம்பு தீர்ந்துவிட்டதா, பையன் மாத்திரையை ஏமாற்றுகிறானா? வில்சன் நோயில் நடுவில் மருந்தை நிறுத்துவது விளையாட்டில்லை. நன்றாக இருக்கிறேன் என்று தாங்களாக நிறுத்திவிட்டுக் கல்லீரல் கைவிட்டுப் போனவர்கள் உண்டு.

போன செவ்வாய்க்கிழமை அந்தக் கேனை லேபுக்குக் கொண்டுபோகும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் வைத்து, மேலே ஒரு துண்டு போட்டு மூடி, ஆட்டோவில். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, “என்னம்மா, நல்லெண்ணெயா?” என்றார். “விலை மதிக்க முடியாத சரக்குங்க, மெதுவா போங்க” என்றேன். பள்ளத்தில் எல்லாம் அவர் அப்படிப் பக்குவமாக ஓட்டினார், பாவம்.

திரும்பி வந்து ராத்திரி சாப்பாட்டின்போது பையனிடம் எல்லாக் கதையையும் சொன்னேன். வடிதாள் புள்ளி, பாஸ்டன் நடை, பசை டியூப், மாடு. அவன் இரண்டாவது தோசையோடு நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். வால்ஷ் நூறு வயதைத் தாண்டி இருந்தார் என்றதும் புருவத்தை உயர்த்தினான். அப்புறம் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்:

“அவர் மொதல்ல முழுங்கினப்ப வெறும் வயிறா, இல்ல சாப்பிட்டுட்டா?”

சிநேகிதி கடிகாரத்தைப் பார்த்தாள். “எட்டரை. பத்தரைக்கு அலாரம் வெச்சிருக்கேன். தூங்கிடாதே.”